டிபன் கேரியரில் பதினோரு கரப்பான்கள்

சாம்பியன் ரீப்ஸ்,
கோலார் தங்கவயல்.
20-9-1970, ஞாயிறு.

அன்புக்குரிய மைத்துனன் தம்மபாலனுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரர் தர்மராஜ் எழுதிக்கொண்டது.

மும்மணிகளின் கருணையால் இங்கே உன் அக்காள் கண்மணி, மகள் சுலோச்சனா, கோழிகள் ஐந்து, எல்லோரும் சுகம். அங்கே பெரம்பூரில் நீயும் உன் சம்சாரமும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன பவுர்ணமிக்கு விஹாரத்தில் உங்கள் எல்லோர் பெயரையும் சொல்லி விளக்கேற்றினோம். இங்கே இந்த வருஷம் மழை பரவாயில்லை. நான் மட்டும் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றும் கிடையாது, மைன்ஸ் டாக்டர் போன மாதம்தான் நெஞ்சைத் தட்டிப் பார்த்து அனுப்பினார். அவர் தட்டாத இடத்தில்தான் வியாதி.

விஷயம் என்னவென்றால், இந்தக் கடிதம் கண்டதும் நீ ரயில்வேயில் நாலு நாள் லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டு வந்து, உன் அக்காள் மகளின் பி.எஸ்ஸி. படிப்பை நிறுத்த வேண்டியது. இரண்டாவது வருஷம் நடக்கிறது. இத்தோடு போதும். நான் நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பாள், அந்தக் காரணத்தை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. தாய்மாமன் சொன்னால் காரணம் கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் வரவில்லை. உனக்காவது காரணம் தெரியட்டும் என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்காதே. சிரித்தாலும் உன் சம்சாரத்திடம் சொல்லாதே.

நான் இந்த லைன் வீடுகளில் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். இருபத்து நான்கு வருஷமாக அண்டர்கிரவுண்டில் பம்பு ஓட்டுகிறேன், எழுபத்தைந்தாவது லெவலில், பூமிக்குள் ஏறக்குறைய ஒன்றரை மைல் ஆழத்தில். மேலே வந்தால் நாலு பேர் என்னிடம் வந்து ஏதாவது கேட்பார்கள், நான் சொல்வேன். எல்லோரையும் விட அதிகம் கேட்டவள் சுலோச்சனாதான். அவளுக்கு ஐந்து வயசிலிருந்து நான் ஷிப்டு முடிந்து வந்தால் காலைக் கழுவக்கூட விடமாட்டாள். "அப்பா, தவள ஏம்பா கத்துது?" என்பாள். "மழையக் கூப்புடுதும்மா" என்பேன். "பல்லி வால உட்டுட்டு ஓடுதே, வலிக்காதா?" என்பாள். "வலிச்சா உடுமா? அது உபரி வால்" என்பேன். நான் சொன்னதெல்லாம் சரிதானா என்று எனக்கே நிச்சயம் கிடையாது, ஆனால் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். தகப்பன் உட்கார்ந்து யோசித்தால் பிள்ளை வேறு ஆளைத் தேடிப் போய்விடும் என்ற பயம். கடைசியில் யோசிக்காமல் சொல்லியும் அதுதான் நடந்தது.

அந்த வேறு ஆளின் பெயர் ஞானசுந்தரி. காலேஜில் விலங்கியலும் சூழ்நிலையியலும் எடுக்கிறவர். ஆள் ஈர்க்குச்சி மாதிரி, வயசு இருபத்தெட்டுக்கு மேல் போகாது, மூக்குக்கண்ணாடி, ராபர்ட்சன்பேட்டையில் வாடகை ரூம். ஆம்பிளை வாத்தியாராக இருந்தால் மானமாக நாலு பேரைக் கூட்டிச் சண்டை போட்டிருப்பேன், ஊரும் என் பக்கம் நின்றிருக்கும். இது பொம்பளை, அதுவும் நல்ல பொம்பளை. எதைச் சொல்லி நான் வயிறெரிவது? ஆனால் எரிகிறதே! சாப்பிட உட்கார்ந்தால் "மிஸ் சொன்னாங்க", கை கழுவினால் "மிஸ் சொன்னாங்க". மழைக்காலத்தில் பேத்தமங்களா ஏரியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று மிஸ் சொன்னாராம். தம்பி, இதை நான் பத்து வருஷமாகச் சொல்கிறேன். நான் சொன்னபோது உன் அக்காள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிஸ் சொன்ன அன்றைக்கே அண்டா ஏறிவிட்டது. நான் கோபத்தில் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடித்தேன், வயிற்றுப்போக்கு வந்தது, அதற்கும் மிஸ் சொன்ன கஷாயத்தைத்தான் கொடுத்தார்கள்.

முதல் அடி பாம்பு விஷயத்தில் விழுந்தது. பக்கத்து வீட்டுத் தாயம்மா புற்றுக்குப் பால் வைக்கக் கிளம்பினாள். சுலோச்சனா வாசலில் நின்றுகொண்டு, "பாம்பு பால் குடிக்காதுக்கா. ஆடிக்கு ஆடி பால்தான் வீணாப் போவுது" என்றாள். தாயம்மா என் பக்கம் திரும்பி, "இன்னாண்ணா, நாகம் ஒரு கிண்ணி பாலைக் குடிச்சத நீங்க கண்ணால பாத்தேன்னு சொன்னீங்களே?" என்று கேட்டாள். சொன்னது வாஸ்தவம்தான், சுலோச்சனாவுக்கு ஏழு வயசில் சொன்ன கதை. நான் வாயைத் திறப்பதற்குள் இவள், "அப்பா பாத்தது வேற எதுனா இருக்கும்கா, இருட்டுல தெரிஞ்சிருக்காது" என்றாள். அப்பா பொய் சொல்கிறார் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என்னைக் காப்பாற்றினாள், தம்பி. பெற்ற மகள் வாசலில் நின்று தகப்பனைக் காப்பாற்றும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அடுத்தது சயனைடு மேடு. தங்கம் எடுத்தபின் அரைத்த கல்லைக் கொட்டிக் கொட்டி மலையாக நிற்கிறதே, காற்றடித்தால் ஊரெல்லாம் வெள்ளைத் தூசியாகுமே, அதுதான். அங்கே நூறு வருஷமானாலும் ஒரு புல் முளைக்காது என்று நான் அவளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். மிஸ் பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதன்மேல் ஏறிவிட்டார். சாயங்காலம் இவள் தலையிலிருந்து கால்வரை சாம்பல் பூசிய மாதிரி வந்து நின்றாள். கையில் பேப்பரில் மடித்த ஒரு புல். "அப்பா, பாருங்க, மேட்டு ஓரத்துல மொளச்சிகீது! மண்ணு செத்துப்போச்சின்னு நாம நெனக்கிற எடத்துக்கும் மொதல்ல ஒண்ணு வருமாம்பா. அது வந்து கொஞ்சம் மண்ணப் பதப்படுத்தினா, அப்பால மத்ததெல்லாம் வருமாம். மிஸ் சொன்னாங்க." நான் அந்தப் புல்லைப் பார்த்தேன். சாதாரணப் புல். விட்டுக்கொடுக்க மனசில்லாமல், "காத்துல எங்கிருந்தோ வந்து ஒட்டிகினு இருக்கும்" என்றேன். "அதேதாம்பா! விதை காத்துலதான் வரும்னு மிஸ்ஸும் சொன்னாங்க!" என்று குதித்தாள். பார்த்தாயா? நான் வாய்தவறி உண்மையைச் சொன்னாலும் அந்தப் பெருமையும் அந்த அம்மாவுக்கே போய்ச் சேருகிறது. இத்தனை வருஷமாக அந்த மேட்டை ஒட்டித்தான் ஷிப்டுக்கு நடக்கிறேன். எனக்கு அது மேடாகத்தான் தெரிந்தது. போன வருஷம் ஊருக்கு வந்த பொம்பளைக்குப் புல் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

பிறகு தவளை வெட்டினார்கள். இதுதான் சமயம் என்று நான் தர்மத்தைக் கையில் எடுத்தேன். நாம் பௌத்தர்கள், உயிர்க்கொலை செய்யோம் என்பது நமக்கு முதல் சீலம், அதை மீறச் சொல்லும் மிஸ் எப்படிப்பட்ட மிஸ் என்று சாப்பாட்டு நேரத்தில் நீளமாகப் பேசினேன். துரதிர்ஷ்டம், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உன் அக்காள் குழம்புக் கரண்டியோடு நின்று, "ஆட்டெலும்ப மென்னுகினே சீலம் சொல்றாரு பாரு" என்றாள். சுலோச்சனா சிரிக்கவில்லை. "நானும் அதக் கேட்டேம்பா. வேணாம்னா நீ வெட்ட வேணாம், பக்கத்துல நின்னு பாத்துப் படம் போட்டா போதும்னு மிஸ் சொன்னாங்க. நான் யோசிச்சி அப்பால வெட்டினேன்" என்றாள். யோசித்தாளாம். யோசிக்கும்போது என்னைக் கேட்கத் தோன்றவில்லை.

இப்படியிருக்க, போன திங்கட்கிழமை ஒரு அதிசயம் நடந்தது. அடுக்களையில் இவள் தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "மைன்ஸுக்குள்ள அவ்ளோ ஆழத்துல, அவ்ளோ சூட்டுல, வெளிச்சமே இல்லாத எடத்துல இன்னா பூச்சி உயிரோட இருக்கும்னு கேட்டேம்மா. மிஸ் தெரியாதுன்னுட்டாங்க. அவங்க கிட்ட இருக்கற புஸ்தகத்துலயும் இல்லயாம்." தெரியாதுன்னுட்டாங்க! தம்பி, அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு அன்றைக்கு நான் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன். எழுபத்தைந்தாவது லெவலில் என்ன பூச்சி இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? என் பம்புக்குப் பின்னால், சுடுதண்ணீர்க் குழாயை ஒட்டி, என் சோற்றுப் பருக்கையைத் தின்று வளரும் கரப்பான்களை நான் பேர் சொல்லிக் கூப்பிடாத குறைதான்.

வியாழக்கிழமை முதல் ஷிப்டு. உன் அக்காளிடம் வெல்லம் கேட்டு வாங்கிக்கொண்டேன், எதற்கென்று சொல்லவில்லை. கீழே போய், சாப்பாட்டை முடித்து, கேரியரின் மேல் தட்டைத் துடைத்து, வெல்லமும் சோறும் பிசைந்து குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு, தலையில் கட்டிய விளக்கை அணைத்து உட்கார்ந்தேன். கூட வேலை செய்யும் ஜெயகரன், "தங்கம் வர்ற எடத்துல கரப்பான் புடிக்கிற மொத ஆளு நீதான்யா" என்றான். சிரிக்கட்டும் என்று விட்டேன். பதினோரு உருப்படி. வெளுத்த நிறம், குட்டை இறக்கை, வீட்டுக் கரப்பான் மாதிரியே இல்லை. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கொண்டியை மாட்டினேன். கேஜில், அதுதான் எங்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டில், மேலே ஏறும்போது ஐம்பது பேர் நெருக்கத்தில் கேரியருக்குள் கரகர என்று சத்தம். பக்கத்தில் நின்றவன் என் வயிற்றைப் பார்த்தான். நான் மிஸ்ஸின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆனால் நினைத்தது மிஸ்ஸின் முகத்தைத்தான், மகளின் முகத்தைக்கூட இல்லை.

மேலே தங்கத் திருட்டுக்குச் செக்கிங் இருக்கும் என்பது, தினம் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டு வெளியே வருகிற எனக்கு, அன்றைக்கு எப்படித்தான் மறந்ததோ! வாட்ச்மேன் கோவிந்தராஜ் கேரியரைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா தர்மராஜு, டிபன்ல இன்னா சத்தம்?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, கரப்பான்" என்றேன். "கரப்பானா? மூடிமேல இன்னாத்துக்கு ஓட்ட?" என்றார். "அதுங்க மூச்சு உடணுமே" என்றேன். வேறு எந்தப் பதில் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பார். கொண்டியைத் திறந்தார். நாலு மாத்திரம் வெல்லத்தை விட்டு வரவில்லை, மற்ற ஏழும் வெளியே குதித்தன. அதில் இரண்டு அவருடைய காக்கி அரைக்கால் சட்டைக்குள் ஏறிவிட்டன. மனுஷன் விசில் ஊதினார் பார், கலாட்டா என்று நினைத்து உள்ளேயிருந்து ஆறு பேர் ஓடி வந்தார்கள். கோவிந்தராஜ் ஒரு காலில் ஆடிக்கொண்டு, "புடிங்க அவன! புடிங்க!" என்கிறார். அவர் சொன்னது கரப்பானை. அவர்கள் பிடித்தது என்னை.

ஆபீசர் வந்தார், மைசூர்க்காரர். "ஏனய்யா இது?" என்று, என்னய்யா இது என்பதைக் கன்னடத்தில் கேட்டுவிட்டு, பாக்கி நாலு பூச்சியையும் குனிந்து பார்த்தார். அவருடைய மூளை எங்கே போயிற்று தெரியுமா? தங்கத் தூளை வெல்லத்தில் கலந்து கரப்பானுக்குத் தின்னக் கொடுத்து, அதன் வயிற்றில் வைத்து வெளியே கடத்துகிறேனாம். "பூச்சி வவுத்துல வச்சா ஊர்ல ஒருத்தனும் தேடமாட்டான்னு பாத்தியா?" என்றார். கூட இருந்தவர்கள் அதைக் கேட்டு, அட, இருக்கலாமே என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள். இருபத்து நான்கு வருஷ சர்வீஸ், தம்பி. ஒரு தடவை ஒரு குண்டூசி எடுத்து வந்ததில்லை. பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். ஷிப்டு முடிந்து போகிற ஒவ்வொருத்தனும் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். வேலை போய்விடும், லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், உன் அக்காளையும் மகளையும் கூட்டிக்கொண்டு பெரம்பூரில் உன் வாசலில் வந்து நிற்கப்போகிறேன் என்று நினைத்தேன். "இது படிப்புக்குங்க, காலேஜுக்கு" என்றேன். "யாரு கேட்டது? பேரச் சொல்லு" என்றார். என் வாயாலேயே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று.

காலேஜுக்கு ஆள் அனுப்பினார்கள், நாலு மணிக்கு மிஸ் வந்தார். குடையைச் சுருட்டி மூலையில் வைத்தார். பின்னாலேயே சுலோச்சனா, கையில் மெழுகு ஊற்றிய தட்டும் கத்தரிக்கோல் பெட்டியும். ஆபீசர் விஷயத்தைச் சொன்னதும் மிஸ் சிரிக்கவில்லை. அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும், பாராட்ட மனசு வரவில்லை. "வயிற்றில் தங்கம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே. சுலோச்சனா, நீ செய்" என்றார். நாலில் ஒன்றைப் பாட்டிலில் மருந்து வைத்து அடக்கி, தட்டில் மல்லாத்தி ஊசி குத்தி, இவள் கத்தரிக்கோலை எடுத்தாள். ஆபீசர், கோவிந்தராஜ், இன்னும் ஏழெட்டுப் பேர் மேசையைச் சுற்றி. நான் பெஞ்சில் எழுந்து நின்று அவர்கள் தலைக்கு மேலாகப் பார்த்தேன். அந்தக் கையைப் பார்க்க வேண்டுமே தம்பி! பூக்காரி நார் கிழிக்கிற மாதிரி, அவசரமில்லாமல், ஓரத்தை வெட்டி, மேலோட்டைத் தூக்கி, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் பிரித்து விரித்தாள். "இது தீனிப்பை சார். இது அரைக்கிற பை, உள்ள பல்லு இருக்கும் பாருங்க." பூச்சியின் வயிற்றுக்குள் பல். எனக்கு யாரும் சொன்னதில்லை. திடீரென்று கோவிந்தராஜ், "அதோ! மஞ்சளா கீது! தங்கம்!" என்று கத்தினார். எல்லோரும் பாய்ந்து குனிந்தார்கள். எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது. மஞ்சளாக, தலைமயிரைவிட மெல்லியதாக, கொத்தாக நூல்கள். இவள் ஊசி முனையால் ஒரு நூலைத் தூக்கிக் காட்டி, "இது தங்கம் இல்லீங்க. நமக்கு மூத்திரப்பிண்டம் இருக்குதில்ல, பூச்சிக்கு அதுக்குப் பதிலா இது" என்றாள். கோவிந்தராஜ் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

எனக்கு நெஞ்சு விம்மியது. ஆனால் ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு உறுப்பைப் பிரித்ததும் அவள் தலையைத் தூக்கி மிஸ்ஸைப் பார்த்தாள், மிஸ் லேசாகத் தலையசைத்தார். ஆறு தடவை பார்த்தாள். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. எல்லாம் முடிந்து ஆபீசர் என்னை விடச் சொல்லிவிட்டு, சந்தோஷமாக, "யார் பொண்ணும்மா இது?" என்று கேட்டார். நான் பெஞ்சிலிருந்து இறங்கி, தொண்டையைச் செருமி, "என்..." என்று ஆரம்பிப்பதற்குள், மிஸ், "என் ஸ்டூடண்ட்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வரும்போது அவர்கள் இரண்டு பேரும் முன்னால், மீதி மூன்று கரப்பானையும் பாட்டிலில் போட்டு வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பேசிக்கொண்டே நடந்தார்கள். பின்னால் நான் காலிக் கேரியரோடு.

இதுதான் காரணம். இப்போது சொல், இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? இன்னும் ஒரு வருஷம் படித்தால் எனக்கு என்று இந்த வீட்டில் என்ன மிஞ்சும்? ஆகவே நீ வந்து, பெண் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்றோ, மாப்பிள்ளை பார்த்திருக்கிறேன் என்றோ, உனக்கு எது சொல்ல வருமோ அதைச் சொல்லி முடித்துவிடு. நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் வாய்தவறக் கூடாது.

உன் சம்சாரத்துக்கு என் அன்பு. குழந்தைகள் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கட்டும், இதை நான் சொன்னதாகவே சொல். கண்ணுக்குத் தெரிகிற உயிரும் தெரியாத உயிரும், தரைமேல் வாழ்வதும் தரைக்குள் வாழ்வதும், பகையும் துன்பமும் இன்றி நலமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
தர்மராஜ்.

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கவரில் போட்டு ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது வாசலில் மிஸ் வந்து நின்றார். என்னைப் பார்த்து "சார்" என்றார். என்னை இதுவரை யாரும் சார் என்றதில்லை, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். வருகிற சனிக்கிழமை நான் காலேஜுக்கு வந்து, கீழே எவ்வளவு சூடு, தண்ணீர் எங்கிருந்து ஊறுகிறது, என்னென்ன உயிர் இருக்கிறது என்றெல்லாம் வகுப்பில் பேச வேண்டுமாம். "எங்க யாருக்கும் இது தெரியாது சார். நீங்க சொல்லுங்க, நாங்க எழுதிக்கிறோம்" என்றார். எழுதிக்கொள்வார்களாம்! இந்த யோசனையைச் சொன்னது சுலோச்சனாதானாம். டீ குடித்துவிட்டு அவர் போனபின் நான் அவளிடம் கேட்டே விட்டேன், "அன்னிக்கு அவ்ளோ நேரம் என்னை ஒரு தடவ கூடப் பாக்கலியே?" என்று. அவள், "பாத்தா கை நடுங்கிடும்பா. உங்களத் திருடன் மாதிரி பெஞ்சுல உக்கார வச்சிருந்தாங்க. கை நடுங்கினா அந்த மஞ்ச நூலு அறுந்துடும்" என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஆகவே நீ வர வேண்டாம். லீவு சொல்லியிருந்தால் ரத்து செய்துவிடு. மாப்பிள்ளை யாரையும் பார்த்துத் தொலைக்காதே, அவள் படிக்கட்டும், எம்.எஸ்ஸி.யும் இருக்கிறதாம். உன் கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டு இருக்கிறதே, அதைச் சனிக்கிழமைக்குள் வந்து சேருகிற மாதிரி ரயில் பார்சலில் அனுப்பு. கை கொஞ்சம் நீளம் என்றாலும் பரவாயில்லை, மடித்துக்கொள்கிறேன். இங்கே உன் அக்காளுக்குத்தான் திடீரென்று முகம் சரியில்லை. "இருவது வருஷமா நான் வச்ச கொழம்பப் பத்திப் பேசச் சொல்லி எந்த மிஸ்ஸும் என்னக் கூப்புடல" என்று பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருக்கிறாள். உனக்குத் தனியாகக் கடிதம் எழுதப்போகிறாளாம். வந்தால் படித்துவிட்டுக் கிழித்துப் போடு. பொறாமையில் எழுதுகிறவர்கள் சொல்வதை ஒரு வரிகூட நம்பக்கூடாது.